ஒரு பை ஆவாரம்பூ

ஆறுமுகச்சாமி வெறுங்கையோடு வரவில்லை. மேலநீலிதநல்லூர்க் காட்டில் வெயிலில் அலைந்து பறித்த ஆவாரம்பூவை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். மச்சினன் வேல்ராஜுக்கு மிஞ்சியிருக்கும் ஒரு காலையாவது காப்பாற்ற வேண்டாமா?

வேல்ராஜ் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். சர்க்கரை முற்றிப்போய், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளெல்லாம் நின்றே விசைத்தறி ஓட்டிய மனுசன்.

"அத்தான், இனியும் மாத்திரை போடலைன்னா அடுத்த காலும் போயிருமுன்னு டாக்டர் சொல்லுதாரு."

"அவரு அப்படித்தாம்ல சொல்லுவாரு. என்னயப் பாரு, ரெண்டு வருசமா ஒத்த மாத்திரை தொட்டதில்ல. வெறும் கசாயந்தான். போன வாரம்கூட ரத்தம் டெஸ்ட் பண்ணினேன். சுகர் அப்படியே கட்டுக்குள்ள நிக்கி!"

அதில் பொய் இல்லை. டீக்கடை டீக்கடையாக இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நம்பித்தான் வேல்ராஜும் போன வருசம் மாத்திரையை நிறுத்தினான்.

வேல்ராஜின் மனைவி மாடத்தி பூப்பையை வாங்கவில்லை. "நாங்களும் இதே பூவத்தான காய்ச்சுனோம் அண்ணே? ஒங்க வீட்டுக் கசாயத்த ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்தேன், அந்தக் கசப்பு கசந்துச்சு. எங்க வீட்டுல அப்படிக் கசக்கலியே."

"அது ராஜேஸ்வரி பக்குவம். காய்ச்சல்ல கெடந்தாலும் எந்திச்சு வந்து அவளே போட்டுக் குடுப்பா. ஒனக்கு அந்தப் பொறுப்பு இல்ல தங்கச்சி."

மாடத்தி உடைந்து அழுதாள். "அப்ப இவுக கால நாந்தான் தின்னுட்டேனா?"

ஆறுமுகச்சாமியின் மனைவி ராஜேஸ்வரி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கு மனசு தாங்குமா, பாவம்.

வேல்ராஜ் அத்தானையே பார்த்தான். அவனைவிடப் பத்து வயசு மூத்தவர், அதே வியாதிக்காரர், ரெண்டு காலையும் ஊன்றித் திடமாக நிற்கிறார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"மாடத்தி, அந்த மாத்திரைய எல்லாம் எடுத்துக் குப்பையில போடு. இனி அக்கா கையாலயே எனக்கும் கசாயம் போட்டுத் தரட்டும்."

மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரைகளை எடுத்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் ராஜேஸ்வரி ஓடிவந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன பண்ணுத நீ?" என்று அதட்டினார் ஆறுமுகச்சாமி.

அவள் புருசன் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் ஒற்றைக் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"ஏலே வேலு, இவுக கசாயத்துல தெனமும் நாந்தாம்ல மாத்திரையப் பொடிச்சுப் போட்டேன்!"