லத்தீபின் மணல் குவியல்

லரீபா ஏசுவதற்கு வாயைத் திறந்ததுதான் தாமதம், கச்சான் காற்று ஒரு பிடி மணலை அள்ளி அதற்குள் போட்டது.

பதுளைக் கடைவீதியில் அவளுடைய இடியப்பக் கடைக்கு நேர் எதிரே லத்தீபின் சீமெந்துக் கடை. அதன் வாசலில் ஒரு லொறி மணல் குவிந்து கிடந்தது.

மழையைக் கண்ணால் காணாத ஜூலை மாதம். பனி ஈரம் இருக்கும்வரை மணல் நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும். வெயில் ஏறி மேல்மணல் காய்ந்தால் போதும், எழும்பித் தெருவைத் தாண்டி அவளுடைய இடியப்பத் தட்டில் வந்து குந்திக்கொள்ளும்.

சாப்பிட வந்தவர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். வீடு கட்டும் மேசன் வேலை செய்த கணவன் மவுத்தான பிறகு அந்தத் தட்டுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன.

ஆகவே ஒவ்வொரு நாளும் தெருவைக் கடந்து வந்து ஏசினாள். லத்தீப் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். தண்ணீர் தெளிக்க மறந்து போய்விட்டது என்பார்.

பெண்சாதியைப் பறிகொடுத்துத் தனியாகக் கடை நடத்தும் மனிதர். எந்த ஆணி எந்த டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இது மட்டும் எப்படித்தான் மறக்கிறதோ!

இன்றைக்கு அவளே தண்ணீர்க் குடத்தோடு வந்திருந்தாள்.

வாயில் விழுந்ததைத் துப்பினாள். இன்னொரு தரம் துப்பினாள். பிறகு துப்பாமல் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள்.

உப்பு.

ஆற்று மணல் உப்புக் கரிக்காது. கடல் மணலில் கட்டினால் சுவர் பொரிந்து போகும். மேசனோடு குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"இது கடல் மண்தானே மொதலாளி? இத ஆரு வாங்குவாங்க?"

"விக்கிறதுக்கு இல்ல."

"அப்ப பொத்துவில் கடக்கரையிலேந்து லொறி புடிச்சி என்னத்துக்கு ஏத்தி வந்தீங்க?"

லத்தீப் தொப்பியைக் கழற்றினார். தட்டினார். மறுபடி போட்டுக்கொண்டார். இரண்டு காதுகளும் சிவந்து போயிருந்தன.

லரீபா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். குவியலின் அடியைச் சுற்றி ஆற அமர நனைத்தாள். காற்றுப் படும் உச்சியில் ஒரு சொட்டும் விடவில்லை.

மீதித் தண்ணீரோடு தன் கடைக்குப் போனாள். இத்தனை நாளும் திறந்தே கிடந்த இடியப்பத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணி போட்டு மூடினாள்.