லாஸ் விளக்கு

“எம் புள்ளைய ஊரை விட்டே கிளப்பப் பாக்குறியாடி?”

“கத்தாதீக அத்தை. நெட்டு போச்சுன்னா நானா வயரைக் கடிச்சேன்?”

நெட் ரிப்பேருக்கு வந்த காளீஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மாமியார் மீனம்மாள், மருமகள் துர்காதேவி. வெளியே பள்ளத்தூரின் அந்தத் தெரு மொத்தமும் ஜன்னலோரம் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றது.

பதினைந்து நாளில் இது மூன்றாம் தடவை. முதல் தடவை கட்டிலுக்கடியிலும், அடுத்த தடவை கதவிடுக்கிலும் வயர் மடங்கிக் கிடந்தது. எலி வேலை என்று சொல்லி நிமிர்த்திவிட்டுப் போயிருந்தாள்.

பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் மகன் சிவபிரகாஷ், மடிக்கணினியும் கையுமாகத் தவித்தான். “தங்கச்சி, இன்னொரு தடவை மீட்டிங் நடுவுல காணாமப் போனா, ஆபீசுக்கே வந்துரச் சொல்லிட்டாக.”

மோடத்தில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டியது.

“லாஸ்னு எழுதியிருக்காம்ல. யாருக்கு லாஸு, எனக்குத்தானே?” மீனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “கம்ப்ளைண்ட் போட்டதே நான்தான் ஆத்தா. குன்றக்குடி முருகனுக்கு மொட்டை போடுறதா நேந்திருக்கேன்.”

காளீஸ்வரி தெருக் கம்பத்துப் பெட்டியில் மீட்டரைச் செருகிப் பார்த்தாள். அங்கே வெளிச்சம் குறையில்லாமல் வந்தது.

“கோளாறு வீட்டுக்குள்ளதாண்ணே. உள்ள இருக்கறது கண்ணாடி இழை. இறுக்கி மடிச்சா வெளிச்சம் அதோட நின்னுரும்.”

வயர் நுனியில் லேசர் பேனாவைச் செருகினாள். பீரோவுக்குப் பின்னால் ஓரிடம் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. கையை விட்டு இழுத்தால், வயரை இரண்டாக மடித்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வைத்திருந்தது.

எலிக்குக் கிளிப் போடத் தெரியாது.

எல்லாரும் துர்காதேவியைப் பார்த்தார்கள். பெங்களூர், பெங்களூர் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருபவள் அவள்தான்.

“போகணும்னா வாயால சொல்லுவேன், கிளிப்பால சொல்ல மாட்டேன்,” என்றாள் துர்காதேவி.

தெரு நம்பவில்லை. பால் வாங்கும் இடத்திலும் பஸ் நிறுத்தத்திலும் அந்தக் கிளிப்தான் பேச்சு. காளீஸ்வரியும் மனசுக்குள், ‘அழுத்தக்காரி’ என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை, முக்கியமான மீட்டிங் நடுவில் மறுபடியும் சிவப்பு விளக்கு. இந்தத் தடவை சிவபிரகாஷ் காளீஸ்வரியைக் கூப்பிடவே இல்லை. கம்பெனி அவனைக் கூப்பிட்டுவிட்டது.

கார் கிளம்பியபோது மீனம்மாள் அழுத அழுகையில், எதிர்வீட்டு ஈஸ்வரி சோடா வாங்க ஓடினாள். சிவபிரகாஷும் துர்காதேவியும் பெங்களூரிலேயே வீடு பிடித்துக் குடியேறினார்கள். பொங்கலுக்கு வந்தால் உண்டு.

மறுவாரம் மோடத்தைக் கழற்றிக்கொண்டு போக காளீஸ்வரி வந்தாள். டிவி தெருமுனைவரை அலறிக்கொண்டிருந்தது. மிக்ஸியும் ஓடியது. அதையெல்லாம் மிஞ்சும் குரலில் மீனம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு, காப்பியைக் கையில் கொடுத்தார்.

“புள்ள இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்குமேம்மா,” என்றாள் காளீஸ்வரி ஆறுதலாக.

“நாலு வருசமா மீட்டிங் மீட்டிங்னு என் வீட்டுக்குள்ளயே என்னைய குசுகுசுன்னு பேச வச்சுட்டான் ஆத்தா. அதுல நீ வேற, நான் மடக்க மடக்க வந்து நிமித்திட்டுப் போற.”