ஐந்து லிட்டர் கேன்

தோட்டத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த சுத்திகரித்த கழிவுநீரைச் சமையலறைக் குழாய்க்கும் விடலாமா என்று முடிவு செய்யக் குடியிருப்புவாசிகள் கூடியிருந்தார்கள். வேண்டாமென்றால் பழையபடி தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

"வேண்டவே வேண்டாம்" என்றார் செயலாளர். "நம்ம பிளான்ட் ஆபரேட்டர் போன மாசம் பொசுக்குனு போய்ட்டாரே, ஏன்? தினமும் அந்தத் தண்ணியைக் கேன்ல பிடிச்சிட்டுப் போவார். நானே பாத்திருக்கேன்."

கடைசி வரிசையில், அதே குடியிருப்பில் வசிக்கும் ஆபரேட்டரின் மனைவி எழுந்தாள். அந்தத் தண்ணீர் வீடுகளுக்குப் போகும் நாளுக்காகவே அவர் காத்திருந்தார். அவர் சாவையே சாக்காக வைத்து அதைத் தடுப்பதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஆமா சார். பதினோரு வருஷமா, அஞ்சு லிட்டர் கேன்."

"பாத்தீங்களா!"

"ஆனா அவர் அதுல ஒரு வாய் குடிச்சதில்ல. வெறும் தண்ணின்னாலே அவருக்கு ஆகாது. இதயம் சரியில்ல, டீயையும் சிகரெட்டையும் விடுங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார்."

கூட்டத்துக்கு டீ கொண்டுவந்திருந்த வாசல் டீக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "நெசந்தான். தினம் பதினஞ்சு டீ. அதுவும் லாரித் தண்ணில போட்டது."

யாரோ சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்ப அந்தக் கேன்?" என்றார் செயலாளர்.

"நான்தான் குடிச்சேன். பதினோரு வருஷமும்."

கூட்டம் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தது. பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது, கடைசியில் செயலாளருடையதும்.

ஒரு மாதத்தில் முதல்முறையாக அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"குழாய்ல வர்ற வரைக்கும் நானே வந்து பிடிச்சுக்கட்டுமா சார்? கொண்டாந்து தர இப்ப ஆளில்ல."