அரை மணி நேரம் உயிரோடு

வேனின் பக்கக் கண்ணாடியில் ஒரு தூக்குவாளி தொங்கியது.

அவள் தொடவில்லை. ஈரத் துண்டு தோளில் கிடக்க, ஊன்றுகோலை அழுத்தி, இரண்டடி தள்ளியே நின்றாள்.

ஆறு மணிக்குக் குளிக்கப் போனபோது இது இல்லை. இப்போது ஏழு. போலியோ காலை இழுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் குளியலறைக்குப் போய்த் திரும்ப அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பது தெருவுக்கே தெரியும்.

நேரம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஊன்றுகோல் நுனியால் மூடியை நெம்பினாள்.

நான்கு இட்லி. மேலே கோழிக் குழம்பு.

இட்லியை யாரும் நாய்க்கு வைக்கமாட்டார்கள். கோழிக் குழம்பை யாரும் அவளுக்கு வைக்கமாட்டார்கள். வைத்தவன் யோசித்து வைத்திருக்கிறான்.

நேற்று அடுத்த தெருவில், டிரான்ஸ்பார்மர் அடியில் இரண்டு நாய்கள் செத்துக் கிடந்தன. வாயில் நுரை. பக்கத்தில் பிரித்துப்போட்ட பிரியாணிப் பொட்டலம்.

வேனின் நிழலில் கட்டிக்கிடந்த தன் மூன்று நாய்களையும் அவிழ்த்து உள்ளே ஏற்றினாள். கலெக்டர், பி.டி.ஓ., கடைசியாகக் குட்டையான ஆடிட்டர். வேலையில் இருந்தவரை இந்தப் பதவிகளைப் பார்த்தால் அவள் எழுந்து நிற்க வேண்டும். இப்போது அவள் உட்காரச் சொன்னால் அவை உட்காருகின்றன. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

கோழி வாசனைக்கு ஒன்றுகூடப் பறக்கவில்லை. தன்னுடைய பயிற்சி அப்படி என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கதவைச் சாத்தினாள். கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டாள்.

மூன்றாவது வீட்டில் திரை அசைந்தது.

ஞானசிகாமணி வீடு. போன ஞாயிறு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்ற மனிதர். "டீச்சர் பாவம், வேன் நின்னுட்டுப் போவுது. அந்த நாய்கதான் நமக்கு ஆவாது" என்றார். கைதட்டினார்கள்.

வாடகைக்கு வீடு கேட்டபோது நாய் ஆகாது என்ற வீட்டுக்காரர்கள் ஏழு பேர். அதனால்தான் பணிக்கொடையில் இந்தப் பழைய ஆம்னி வேனை வாங்கினாள். வண்டி நன்றாக ஓடும். அவளுக்குத்தான் ஓட்டத் தெரியாது. வீடு என்றால் ஓடக் கூடாதுதானே.

பாவம் என்று சொல்கிறவர்களை அவள் தனியாகக் கவனித்துவைப்பாள்.

கொட்டிவிடலாம். கொட்டினால் வேறு ஏதாவது வாயில்லாத ஜீவன் வந்து நக்கும். புதைக்கலாம். ஊன்றுகோலோடு குழி வெட்டிய யாரையும் அவள் பார்த்ததில்லை.

மேலும், வைத்தது யார் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். இன்றைக்குத் தப்பினால் நாளைக்கு வேறு வாளி வரும். அவளே சாப்பிடுவதைப் பார்த்தால் வைத்தவன் பதறி வெளியே வருவான்.

இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளர்; ஊர் வாயில் டீச்சர். விதி எளிமையானது. சமைத்ததை முதலில் அமைப்பாளர் சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். அதன் பிறகே பிள்ளைகளுக்கு.

இருபத்தெட்டு வருடத்தில் எடை கூடியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

வேன் படியில் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்தாள். மணி ஏழு பத்து. திரையைப் பார்த்தபடியே ஒரு விள்ளல்.

கசக்கவில்லை.

விஷம் கசக்கும் என்று யார் சொன்னது?

ஐந்து நிமிடம். முதல் இட்லி முடிந்தது.

பத்தாவது நிமிடம் வயிறு உருண்டது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். நாக்கை நீட்டி, பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். நேற்று மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்பது மெதுவாக ஞாபகம் வந்தது.

சந்தேகம் தீர இரண்டாவது இட்லி.

அது முழுதாகத் தீரவில்லை. மூன்றாவது.

மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. ஞானசிகாமணி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். திருடன் நடை.

"உப்பு காணுமா டீச்சர்? வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னா."

ஆக, இவர்தான். அவள் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதுல என்ன போட்டிருக்கிய?"

"இஞ்சி கொஞ்சம் தூக்கல்தான். அவ கைப்பழக்கம்."

"நாய்க்கு வைக்கிததுக்கு இஞ்சி எதுக்கு?"

அவர் குழம்பிப்போய் வாளியைப் பார்த்தார். பிறகு அவளை.

"நாய்க்கா? இது ஒங்களுக்குலா. ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கலன்னு அவதான் சொன்னா. அதுகளுக்கு எப்பவும்போல நீங்க குளிக்கப் போனதுமே போட்டாச்சு."

கையிலிருந்த இட்லி வாய்க்குப் போகாமல் நின்றது.

போட்டாச்சு.

ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் வேனைப் பிடித்து எழுந்தாள். கண்ணாடியில் முகத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண். வாய். விலா ஏறி இறங்குகிறதா. நுரை இல்லை. ஆடிட்டரின் மீசையில் மட்டும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

போட்டு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்றும் உயிரோடுதான் இருந்தன. நன்றாகவே இருந்தன.

அதன் பிறகுதான் அந்த இன்னொரு சொல் காதில் விழுந்தது.

எப்பவும்போல.

பின்னால் ஞானசிகாமணி குரலைத் தாழ்த்தினார். "சங்கத்துல மட்டும் சொல்லிராதிய டீச்சர்."

அவள் திரும்பவில்லை.

"எத்தன நாளா நடக்கு இது?"

கேட்டது அவரை அல்ல.

கலெக்டர் வானத்தைப் பார்த்தது. பி.டி.ஓ. தன் வாலைப் பார்த்தது. ஆடிட்டர் இருக்கைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.