கடைசி இருபது நிமிஷம்

"முழுப்படம்னு போட்டிருக்கான் பாய். தொறந்தா ட்ரெய்லர்!"

மாதப்பன் ஒற்றைக் கையால் போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். மறு கையில் டயாலிசிஸ் ஊசி.

பக்கத்துக் கட்டிலில் அப்துல் ஷுக்கூர். அதே ஊசி, அதே நாலு மணி நேரம்.

"தேடுய்யா, ஓசியில ஒண்ணாவது மாட்டாமயா போயிடும்!"

மாட்டியது. கொலை, துப்பறிதல், முகமூடி. இருவரும் தலையணையில் நிமிர்ந்துகொண்டார்கள்.

நடுவில் ஜூஸ் விளம்பரம்.

"கண்ணை மூடிக்குங்க பாய்! தண்ணியவே அளந்து குடிக்கற ஆளுங்க நாம. அதைப் பாத்தாலே எடை ஏறிடும்!"

ஷுக்கூர் குலுங்கிச் சிரித்தார். காலடியில் உட்கார்ந்திருந்த மகள் அன்ஜும் அவரையே பார்த்தாள். போன மாசம், "போதும்மா, இனி டயாலிசிஸுக்கு வரல, வுட்டுடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர். வராவிட்டால் பத்து நாள்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கெஞ்சிக் கூத்தாடித்தான் பென்னாகரத்தில் பஸ் ஏற்றினாள்.

திரையில் கொலைகாரன் முகமூடியில் கை வைத்தான்.

படம் நின்றது.

"டேட்டா காலி பாய். மிச்சம் வியாழக்கிழமை."

"யோவ்! போன வாரமும் இப்படித்தான் கழுத்தறுத்தே. கொன்னது யாருய்யா?"

"அங்கிள், நான் ஹாட்ஸ்பாட் போடறேன்" என்றாள் அன்ஜும்.

"வேணாம்மா. என் போனுக்கு அதெல்லாம் சேராது."

அன்ஜுமுக்குச் சுருக்கென்றது. முடியாத மனுஷனை இப்படியா ஏங்க வைப்பது? கஞ்சத்தனமா, கொழுப்பா?

நேரம் முடிந்து, நர்ஸ் ஷுக்கூரை எடை பார்க்கக் கூட்டிப்போனார். அன்ஜும் திரும்பினாள். மாதப்பன் போனில் சாவகாசமாக அடுத்த படம் தேடிக்கொண்டிருந்தார்.

"டேட்டா காலின்னீங்க?"

மாட்டிக்கொண்ட மாதப்பன் அசடு வழிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கு உங்கப்பாவை எப்படிம்மா கூட்டியாந்தே? கெஞ்சினியா?"

அன்ஜும் நினைத்துப் பார்த்தாள். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "பஸ் போயிடும், கெளம்பும்மா!" என்று கத்தியவரே அப்பாதான்.

ஷுக்கூர் திரும்பி வந்தார்.

"அன்ஜும், உன் போன்ல அந்தப் படத்தைப் போடு. கடைசியைப் பாத்துட்டே வூட்டுக்குப் போலாம். அப்புறம் இந்தப் பக்கமே வர வேணாம்."

அன்ஜும் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என் டேட்டாவும் காலிப்பா. வியாழக்கிழமை வந்து பாத்துக்கலாம்."