சார் உள்ளே இருக்கிறார்

அறைக்கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணைவேந்தர் உள்ளே முக்கியமான ஆலோசனையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

காலையிலிருந்து அது அணையவே இல்லை. அவ்வளவு ஆலோசனை.

அந்த அம்மாள் வெளியே மர நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணியில் சேர வந்தவர். இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் சேராவிட்டால் வேலை கைநழுவிப் போய்விடும். பழைய வேலையையும் ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தார்.

வந்தவுடனே பதிவாளரிடம் சொல்லியாயிற்று. பதிவாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்தத் துறை, என்ன பதவி என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

“சார் பாக்காம யாரையும் சேத்துக்க முடியாதும்மா. உக்காருங்க, கூப்பிடுவார்.”

சார் கூப்பிடவில்லை. ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. தேநீரைப் பதிவாளரே உள்ளே கொண்டுபோனார். காலிக் கோப்பையோடு வெளியே வந்தார். கலைத்துறை டீன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உள்ளே போனார். தன் திட்டத்தைச் சார் அப்படியே ஒத்துக்கொண்டதாக, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். அறிவியல் டீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரும் ஓடினார். அதே திட்டத்தைச் சார் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டதாக அவர் வந்து சொன்னார்.

சாருக்கு ரொம்பப் பெரிய மனசு.

கடைசியாகப் பதிவாளர் மறுபடி உள்ளே போய்விட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இன்னைக்குச் சார் செம கோபத்துல இருக்கார். நாளைக்கு வாங்கம்மா.”

நாளைக்கு வந்தால் வேலை ஏது? அந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே யாரும் இல்லை.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய நாற்காலியில் வெள்ளைத் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. துணைவேந்தர் ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

இடம் காலி என்று ஒப்புக்கொண்டால், மூத்தவர் யாராவது பொறுப்பேற்க வேண்டும். வேலையில் முதலில் சேர்ந்தவர் ஒரு டீன். முதலில் பேராசிரியர் ஆனவர் இன்னொரு டீன். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவருக்குத் தூக்கம் வராது. அதனால் சார் உள்ளேயே இருந்துவிடுவதுதான் எல்லோருக்கும் வசதி. அறைச் சாவி பதிவாளரிடம். நாட்டாமையும் அவரிடம். தேநீரையும் அவரே குடித்தார். ஆறவிட்டால் சாருக்கு மரியாதை இல்லையே.

அந்த அம்மாள் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதிவாளர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏம்மா! அது யாரோட நாற்காலின்னு தெரியுமா?”

தெரியும் என்றார், பொறுப்பை ஒப்படைக்க உள்ளே யாரோ இருக்கிறார் என்று நம்பிக் காலையிலிருந்து காத்திருந்த அந்த அம்மாள். அரசிடமிருந்து நேற்றே மின்னஞ்சல் வந்திருக்குமே, பார்க்கவில்லையா என்றும் கேட்டார்.

எப்படிப் பார்ப்பார்? துணைவேந்தருக்கு வரும் மின்னஞ்சலைத் துணைவேந்தர்தான் திறக்க வேண்டும் என்பது இங்கே விதி. விதியை மீறிப் பதிவாளருக்குப் பழக்கமில்லை.

இப்போது மீறினார். மேசைக் கணினியில் குனிந்து, புதிய துணைவேந்தரின் படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

அலுவலகம் மூடுவதற்குள் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றார். அதன்பின் சிவப்பு விளக்கின் பொத்தானை அழுத்தி அணைத்தார். எட்டு மாதத் தேநீரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

பதிவாளர் வெளியே வந்தபோது அவர் நெற்றியில் உண்மையாகவே வேர்த்திருந்தது. கலைத்துறை டீன் அப்போதுதான் வாசலுக்கு வந்தார்.

“உள்ள செம கோபம். இப்பப் போகாதீங்க.”

எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. டீன் நம்பினால்தானே! பதிவாளரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சார் ஒத்துக்கொள்ளப்போகும் அடுத்த திட்டத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.