தங்கையிடம் சொல்ல வேண்டியது

ஆல்வினுக்கு ஏழு வயதாகியும் ஏன் பேச்சு வரவில்லை என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. மூளை வளரத் தேவையான ஒரு மரபணு அவனுக்கு வேலை செய்யவில்லை. அந்தக் கோளாறு அம்மா ஜெசிந்தாவின் உடம்பில் சத்தமில்லாமல் இருந்து மகனுக்கு வந்திருக்கிறது. "உங்க தங்கச்சிக்கும் இருக்கலாம். குழந்தை உண்டாகுறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

தங்கை ரெஜினா ஏற்கெனவே முழுகாமல் இருந்தாள்.

"இத்தன வருஷம் கழிச்சுத் தங்கியிருக்கு. நீ வாயத் திறந்திராத" என்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அக்கா தங்கை இருவரையும் பெற்ற அம்மா. அதன் பிறகு ஜெசிந்தா தங்கையின் போனை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெஜினாவே வந்துவிட்டாள். தரையில் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஆல்வினின் பக்கத்தில் உட்கார்ந்து, "எக்கா, எனக்கும் இவன மாதிரி ஒரு பய பொறந்தா போதும்" என்றாள்.

யாராவது ஒருவர் இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவள் ஜெசிந்தா. இன்று அதைக் கேட்கத் தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் டெஸ்ட் எடுக்க முடியும் என்பதையும் சொன்னாள்.

ரெஜினா, சுழன்று விழுந்த மூடியை எடுத்து ஆல்வினிடம் கொடுத்தாள். பிறகு, "நான் ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு" என்றாள். "இவன் வயித்துல இருக்கும்போதே தெரிஞ்சிருந்தா, பெத்திருப்பியாக்கா?"

ஜெசிந்தா எழுந்து போய் மகனின் இரண்டு காதுகளையும் பொத்தினாள்.